ஒன்றரை

பானெட் ஓரத்தில் இரண்டு கையையும் ஊன்றி
ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு
விலகி நின்று எண்ணினார் இருதயராஜ்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நான்காவதைச் சொல்லாமல்
என்னைப் பார்த்தார்.

"ஒன்றரைல நிக்கணும் மேடம்.
எந்திரிக்கணும், பாதி உக்காரணும், அவ்வளவுதான்.
இது கும்மியடிக்குது."

இரண்டாயிரத்து மூன்று மாடல் பாலியோ,
ஆயிரத்து அறுநூறு சிசி.
செக்காலை ரோட்டில் போனால் இன்னமும்
கல்லூரிப் பையன்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்,
காரை.

தேவகோட்டைக் கோர்ட்டில் கையெழுத்தான தாளில்
சீர் சாமான் பட்டியல் முடிந்த பிறகு
கடைசி வரியில் இருந்தது இது.
வெள்ளிக் குடத்துக்குத்தான் மல்லுக்கட்டுவேன் என்று
வக்கீல் வைத்து வந்திருந்தார்கள் பாவம்.

சோலையப்பன் வாங்கிய கையோடு
ஒன்றரை அங்குலம் இறக்கிவிட்டிருந்தான்.
பார்க்க அழகுதான், பாயப்போகும் பூனை.
கழனிவாசல் வேகத்தடையில் மட்டும்
கோணலாக ஏற வேண்டும்,
முதலில் இடது கால், பிறகு வலது,
பின்னால் லாரிக்காரன் ஹாரனில் திட்டத் திட்ட.
"கல்லு மாதிரி இருந்தாத்தான் ரேஸ் வண்டி" என்பான்.
பக்கத்து சீட்டில் எட்டு வருஷம்
அதை நம்பினேன்.

இடது பின் குழாயில் எண்ணெய் கசிந்து
மேலே செம்மண் அப்பி
அடிப்பிடித்த சட்டியாக இருந்தது.

கம்பெனி சரக்கு நின்றுபோய்விட்டது.
கோயம்புத்தூரில் ஒருவரிடம்
பெட்டி பிரிக்காத ஜோடி, பின்பக்கத்துக்கு மட்டும்.
மதுரையில் சீல் மாற்றி, எண்ணெய் ஊற்றி,
கறுப்புப் பெயிண்ட் அடித்துத் தருவார்கள்;
ஆறு மாதம், அல்லது அடுத்த மழை.
அப்புறம் அந்த வெளிநாட்டு மஞ்சள் செட்,
முப்பத்திரண்டு திருகு நிலை,
நாலும் சேர்த்து எழுபதாயிரம்.
காரே ஒன்றரை லட்சம் போகாது.

நகைக்கடன் மேசையில் பதினோரு வருஷம் இருப்பவள்.
கல் எடையைக் கழிக்காமல்
எதற்கும் விலை சொன்னதில்லை.
"இதுல எதுங்க நல்லாத் தாங்கும்?" என்றேன்.

என்னைவிட ஆறு வயது சின்னவர்,
வாயில் போல்ட்டைக் கடித்தபடி சிரித்தார்.
"தாங்குறது ஸ்பிரிங் மேடம்.
இது ஒண்ணையும் தாங்காது.
அது ஆடுறத நிறுத்தும். இதுக்கு அது ஒண்ணுதான் வேலை."

அப்போது மானகிரி வளைவு ஞாபகம் வந்தது.
தொண்ணூறில் போகையில் ஒரு தார் ஒட்டு.
பின்சக்கரம் அரை நொடி தரையில் இல்லை.
அவன் அதை வேகம் என்றான்.
இப்போது கணக்குப் பார்த்தால்
அந்த அரை நொடி அது கார் இல்லை.
யாரோ விட்டெறிந்த ஏதோ.
அதற்குள் நான்.

எனக்கு வேகம் வேண்டாம் என்றில்லை.
வேகம் வேண்டும். அதனால்தான்
கேஸ் நிரப்பிய நடுத்தர செட், திருகு கிடையாது,
இருபத்தாறாயிரம்,
ஸ்பிரிங் பழைய உயரத்துக்கே.
"பசங்க சிரிப்பாங்க, ஜீப்பு மாதிரி நிக்கும்."
நிற்கட்டும்.
மேல் மவுண்ட்டையும் மாற்றச் சொன்னேன், ரப்பர் வெடித்திருந்தது.
பழசை எடைக்குப் போட்டு
பில்லில் நூற்று அறுபது ரூபாய் கழித்திருந்தார்.

ஞாயிறு விடிய, திருப்பத்தூர் வரை போய்த் திரும்பினேன்.
கழனிவாசலில் நேராக ஏறி நேராக இறங்கினேன்.
மானகிரியில் அதே ஒட்டு, அதே தொண்ணூறு.
ஸ்டியரிங் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு
வாயை மூடிக்கொண்டது.

வீட்டு வாசலில் குந்தி உட்கார்ந்து
சக்கரத்துக்குப் பின்னால் கைவிட்டுத் தொட்டேன்.
குழாய் சுட்டது.
மானகிரியிலிருந்து வந்த அத்தனை குலுக்கலும்
அங்கேதான் இருந்தது, சூடாக,
சத்தமில்லாமல்.

"சாவி விழுந்திருச்சா?" என்றார்
பால் வாங்கி வந்த எதிர்வீட்டுக்காரர்.
இல்லை என்று சொல்லிவிட்டு
இன்னும் கொஞ்ச நேரம் தொட்டுக்கொண்டிருந்தேன்.